எண்ணெய் கதைல மண்ணை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சீனாவோட தாச்சிங் எண்ணெய் வயலப் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, முழுசா படிச்சேன். 'இரும்பு மனிதர்'னு சொல்ற வாங் ஜின்ஷி, 1960-ல கால்ல அடிபட்டிருந்தும் மட்னு சொல்ற, தோண்டறப்ப கிணத்துக்குள்ள விடற சேத்துக் கலவை இருந்த குழிக்குள்ள குதிச்சு உடம்பாலயே கலக்கி கிணறு பீறிடாம நிறுத்தினது, மைனஸ் 30 டிகிரி குளிர், கூடாரத்துல தங்கி தோண்டினது, எல்லாம் நல்லாவே எழுதியிருந்தீங்க. ஆனா நடுவுல ஒரு வரி, "பூமிக்கு அடியில் பரந்து விரிந்து கிடந்த எண்ணெய் ஏரியைக் கண்டுபிடித்தனர்"னு. கூட போட்டிருந்த படத்துலயும் பாறைக்கு நடுவுல ஒரு குகை, அதுக்குள்ள கருப்பா எண்ணெய் தளும்புது, மேலேர்ந்து ஒரு குழாய் உள்ள இறங்குது. நான் எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்ல மட் லாகிங் வேலை பாத்தவன், காவேரி பேசின் கிணறுகள்ல மேல வர்ற மண்ணை அலசிப் பாத்தே பல வருஷம் ஓட்டினவன், அந்தப் படத்தப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.

தாச்சிங்ல ஏரி இருந்தது உண்மை. ஆனா அது பூமிக்கு மேல இருந்துச்சு, தண்ணி ஏரி, சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னாடி. வடகிழக்கு சீனாவுல சோங்லியாவ் பேசின்னு ஒரு பள்ளம், பரப்பு கிட்டத்தட்ட 2,60,000 சதுர கிமீ, அதாவது நம்ம தமிழ்நாடு மாதிரி ரெண்டு அதுக்குள்ள அடங்கும். அந்த ஏரிய ஆறுங்க கொஞ்சம் கொஞ்சமா மணலும் களிமண்ணும் கொட்டி தூர்த்துடுச்சு. எந்த எடத்துல மணல் விழுந்துச்சு, எந்த எடத்துல சேறு படிஞ்சுச்சுங்கறதுதான் இன்னைக்கு எந்தக் கிணத்துல எண்ணெய் வருது, எதுல வரலங்கறத முடிவு பண்ணியிருக்கு. உங்க கட்டுரைல மனுஷங்க வந்தாங்க, மெஷின் வந்துச்சு, அரசியல் கூட வந்துச்சு, இந்த மண் மட்டும் வரவே இல்ல. அதுக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு பழைய வழக்கு. அந்தக் காலத்துல எண்ணெய்னா கடல் சம்பந்தப்பட்டதுன்னு பெரும்பாலான ஜியாலஜிஸ்ட்டுங்க நம்பினாங்க, கடல் அடில படிஞ்ச பாறை இருந்தாத்தான் பெரிய அளவுல எண்ணெய் கெடைக்கும்னு. முதல் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி ஷான்ஷி மாகாணத்துல சில கிணறுங்க தோண்டிப் பாத்துட்டு லாபம் இல்லன்னு கெளம்பிடுச்சு. 1922-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து எலியட் பிளாக்வெல்டர், சீனாவுல பெரிய அளவுல எண்ணெய் கெடைக்க வாய்ப்பே இல்லங்கற மாதிரி எழுதினார். அதுக்கு முக்கியமான காரணம், சீனாவோட பெரிய பள்ளங்கள்ல கெடக்கறது நெறைய ஆத்து மண்ணும் ஏரி மண்ணும்தான். இதுக்கு எதிரா 1941-ல பான் சோங்ஷியாங்னு ஒரு சீன ஜியாலஜிஸ்ட், அப்போ அவர் அமெரிக்காவுல கேன்சஸ்ல படிச்சுட்டிருந்தார், ஷான்ஷி எண்ணெய்யும் சிச்சுவான் பாறைங்களும் கடல்ல உருவானது கெடையாது, நெலத்துல இருந்த நன்னீர்லதான் உருவாச்சுன்னு அமெரிக்க பெட்ரோலிய ஜியாலஜிஸ்ட் சங்கத்தோட இதழ்லயே கட்டுரை போட்டார். அவங்க வீட்டு வாசல்லயே போய் நின்னு, நீங்க நினைக்கறது சரியில்லன்னு சொன்ன மாதிரி. என்னைக் கேட்டா வாங் ஜின்ஷிக்கு நீங்க குடுத்த எடத்துல பாதியாச்சும் பானுக்கும் குடுத்திருக்கணும்.

சரி, ஏரிக்கு வர்றேன். முதல்ல, ரொம்ப முன்னாடி, பூமியோட மேல்தோடு அங்க இழுபட்டு கிழிஞ்சுச்சு, வரிசையா பள்ளங்கள், கூடவே எரிமலைங்க. அந்தப் பழைய எரிமலைப் பாறைங்கள்ல இன்னைக்கு நேச்சுரல் கேஸ் எடுக்கறாங்க, அது தனிக் கதை. அப்புறம் எரிமலை அடங்கி, சூடா இருந்த தரை ஆறி, ஆற ஆற மொத்த எடமும் மெதுவா ஒரே பெரிய தட்டா கீழ எறங்குச்சு. தண்ணி தேங்குச்சு. சுத்தியிருந்த மலைங்கள்லேர்ந்து ஆறுங்க வந்து சேந்துச்சு, அதுல முக்கியமானது வடக்குலேர்ந்து வந்தது. பேசினோட நீள வாக்குலயே அது தெக்க நோக்கி டெல்டா போட்டுக்கிட்டே வந்துச்சு.

ஆறு ஏரிக்குள்ள நுழையறப்ப என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. கோடைல வத்தின ஏரிக்குள்ள எறங்கி நடந்து பாருங்க. வரத்து வாய்க்கால் வந்து சேர்ற எடத்துல கால் வச்சா நறநறன்னு மணல், அங்கேர்ந்து மதகு பக்கமா போகப் போக மணல் பொடிசாகி, வண்டலாகி, கடைசில வழவழன்னு களி, காஞ்சா வெடிச்சு கெடக்கும். தண்ணிக்கு வேகம் இருக்கற வரைக்கும் மணலைத் தூக்கிட்டு வரும், வேகம் செத்ததும் முதல்ல கனமானத கீழ போட்டுட்டு லேசானத மட்டும் தூரமா கொண்டு போகும். தூர் வார்றப்ப வயலுக்கு வண்டல் அள்ளுற விவசாயிக்கு இது அத்துப்படி. சோங்லியாவ்ல நடந்தது அப்படியே இதுதான், என்ன, கோடிக்கணக்கான வருஷம் நடந்துச்சு, கீழ தரை எறங்கிக்கிட்டே இருந்ததால ஏரி தூர்ந்து முடியாம மேல மேல படிவு ஏறிக்கிட்டே போச்சு.

இதுல முக்கியமான விஷயம், ஏரி ஒரே அளவுல இல்ல. ரெண்டு தடவை ரொம்பப் பெருசா விரிஞ்சிருக்கு. முதல் தடவை சிங்ஷான்கோ படிவுகள் உருவான காலம், ரெண்டாவது நென்ஜியாங் படிவுகளோட ஆரம்ப காலம். தண்ணி விரிஞ்சப்ப கரை பின்னாடி தள்ளிப் போயிடும், நடு ஏரி வரைக்கும் மணல் வந்து சேராது, அங்க படிஞ்சதெல்லாம் நைசான சேறும் செத்த பாசியும்தான். ஆழத்துல ஆக்சிஜன் இல்ல, அதனால பாசி மக்கிக் காணாமப் போகாம சேத்தோட சேந்தே பொதைஞ்சுச்சு. எண்ணெய்க்கு மூலப்பொருள் இந்தப் பாசிதான். டைனோசர்லேர்ந்துதான் பெட்ரோல் வந்துச்சுன்னு ஸ்கூல் பசங்க இன்னும் சொல்லிட்டிருக்காங்க, கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு அந்தப் பேரு போய்ச் சேரவே இல்ல.

இந்த ரெண்டு விரிவுக்கும் நடுவுல ஏரி சுருங்குச்சு, அது யாவ்ஜியா காலம். அப்போ வடக்கத்தி ஆறு, முன்னாடி நடு ஏரியா இருந்த எடம் வரைக்கும் மணலைக் கொண்டுவந்து கொட்டுச்சு. அந்த ஏரி ஆழம் கம்மியான, சரிவு ரொம்ப லேசான ஏரி, அதனால தண்ணி மட்டம் கொஞ்சம் ஏறினாலே கரை பல கிமீ உள்ள போயிடும், கொஞ்சம் எறங்கினா அதே மாதிரி வெளிய வந்துடும். இப்படி ஏறி எறங்கி ஏறி எறங்கி, மணல் ஒரு அடுக்கு சேறு ஒரு அடுக்குன்னு மாறி மாறி, தாச்சிங்ல நூத்துக்கு மேல மணல் அடுக்கு இருக்கு, சிலது பல மீட்டர் கனம், சிலது ஒரு மீட்டர் கூட தேறாது. அப்புறம் ஏரி திரும்ப விரிஞ்சப்ப நென்ஜியாங் சேறு மொத்தத்துக்கும் மேல மூடியா விழுந்துச்சு. கீழ பாசி நெறைஞ்ச சேறு, நடுவுல மணல், மேல எண்ணெய் கசியாத மூடி. யாரும் திட்டம் போட்டு வைக்கல, ஏரி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சதுல தானா அமைஞ்சது, எனக்கு இத நினைக்கறப்பல்லாம் பிரமிப்பா இருக்கு.

பொதைஞ்ச சேறு ஆழத்துக்குப் போகப் போக சூடாச்சு. சோங்லியாவ்ல பூமிச் சூடு கொஞ்சம் ஜாஸ்தி, 100 மீட்டர் எறங்கினா கிட்டத்தட்ட 4 டிகிரி ஏறும், அதனால ரொம்ப ஆழம் போகாமயே பாசி எண்ணெய்யா மாறிடுச்சு. மாறின எண்ணெய் பக்கத்து மணலுக்குள்ள புகுந்து, கிரெட்டேஷியஸ்னு சொல்ற டைனோசர் காலத்துக் கடைசிப் பகுதியோட முடிவுல பக்கவாட்டு அழுத்தத்துல பூமி மடிஞ்சு உண்டான ஒரு நீளமான மேட்டுல போய் சேந்துச்சு. வடக்கு தெக்கா சுமார் 140 கிமீ நீளம் அந்த மேடு. லாமாதியென், சார்ட்டு, ஷிங்ஷுகாங்னு வரிசையா வயலுங்க அது மேலதான் இருக்கு. இதுலயும் மண்ணோட கையெழுத்து தெரியும், வடக்க ஆறு நுழைஞ்ச பக்கம் மணல் கனமா இருக்கும், தெக்க போகப் போக மெலிஞ்சுடும்.

எண்ணெய் எப்பவும் மேலதான் ஏறும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. ஆனா சிங்ஷான்கோ சேத்துக்குக் கீழயே ஃபூயூன்னு ஒரு பழைய ஆத்து மணல் அடுக்கு இருக்கு, அதுலயும் எண்ணெய் இருக்கு. எப்படின்னா, சேத்துக்குள்ள எண்ணெய் உண்டாகறப்ப அழுத்தம் ஏகத்துக்கு ஏறிடும், மேல போக வழி இல்லன்னா வெடிப்புங்க வழியா கீழ எறங்கியாவது போகும்.

இப்ப உங்க படத்துல இருந்த அந்தக் குகைக்கு வர்றேன். கிணத்துலேர்ந்து கட்டிங்ஸ், அதாவது துளைக்கறப்ப உடையற கல்லுத் துணுக்கு, மேல வந்து ஷேல் ஷேக்கர்ங்கற குலுக்குற சல்லடைல விழும், அத அள்ளி சல்லடைல அலசி மைக்ராஸ்கோப்புக்கு அடில வைப்போம். ஷேல்னா சேறு இறுகின கல்லு, கருப்பா சப்பையா, நகத்தால நெம்பினா ஏடு ஏடா பிரியும். எண்ணெய் மணல்னா தனித்தனி மணி, பளிங்கு மாதிரி குவார்ட்ஸ், மங்கின ஃபெல்ஸ்பார், மணிக்கும் மணிக்கும் நடுவுல பழுப்பா ஒரு கறை ஒட்டியிருக்கும். வெறும் கண்ணுக்கு ஈர மணல் மாதிரிதான் தெரியும், யாரும் இதுல எண்ணெய் இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. அதையே யூவி பெட்டிக்குள்ள வச்சு லைட்டப் போட்டா பொன் மஞ்சளா ஒளிரும், ஒரு சொட்டு சால்வென்ட் விட்டா மணிலேர்ந்து பால் வெள்ளையா வழிஞ்சு பரவும். வேலைல சேந்த புதுசுல சீனியர் ஒருத்தர் "பாத்துக்கடா தம்பி, ரிசர்வாயர்னா இவ்வளவுதான்"னு காட்டினார், ரிசர்வாயர்னா எண்ணெய் தங்கியிருக்கற பாறை. குகை கெடையாது, ஏரி கெடையாது. கெட்டியான கல்லு, கைல எடுத்தா கனக்கும், அதோட கொள்ளளவுல நூத்துக்கு 25 பங்கு மணிகளுக்கு நடுவுல இருக்கற சந்து, தாச்சிங்கோட நல்ல மணல் இந்த ரகம்தான். 1959 செப்டம்பர் 26-ந் தேதி தாச்சிங்கோட முதல் எண்ணெய்க் கிணறான சோங்ஜி-3-ல எண்ணெய் வந்தப்ப, அது வந்தது இந்த மாதிரி மணல் சந்துலேர்ந்துதான்.

மண் கதை தெரிஞ்சா என்ன ஆகப் போகுது, எண்ணெய்தான் வந்துடுச்சேன்னு கேக்கலாம். தாச்சிங் 1976-லேர்ந்து 2002 வரைக்கும் 27 வருஷம் வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல எடுத்துச்சு, இதுவரைக்கும் மொத்தம் 200 கோடி டன்னத் தாண்டியாச்சு. அத்தன வருஷம் அந்த அளவ புடிச்சு வச்சது அடுக்கு அடுக்கா மண்ணைப் படிச்சதாலதான். அங்க ஆரம்பத்துலேர்ந்தே தண்ணிய உள்ள செலுத்தி எண்ணெய்யத் தள்ளுறாங்க. ஆனா தண்ணி சோம்பேறி, பழைய ஆறு ஓடின கனமான சொரசொர மணல் எதுவோ அந்த வழியாவே ஓடிடும், டெல்டா முனைல படிஞ்ச மெல்லிசு மணல்ல எண்ணெய் அப்படியே நின்னுடும். அதனால ஒரே கிணத்துக்குள்ள அடுக்குகளப் பிரிச்சு அடைச்சு, எந்த அடுக்குக்கு எவ்வளவு தண்ணின்னு தனித்தனியா குடுத்தாங்க. அதுக்கு அந்த மணல் எந்த வாய்க்கால், எந்தக் கரை, எந்த வருஷத்து வெள்ளத்துல எங்க வரைக்கும் போச்சுங்கற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும், 9 கோடி வருஷத்துக்கு முந்தின ஏரிக்கு ஆயக்கட்டு மேப் போட்டு வச்ச கணக்கு. இப்ப மேல வர்றதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அப்படியும் 1990-கள்லேர்ந்து தண்ணில பாலிமர் கலந்து கெட்டியாக்கி உள்ள விட்டு மிச்சத்த எடுத்துட்டிருக்காங்க. இத்தனைக்கும் மணலுக்குப் போகாம சேத்துலயே தங்கின எண்ணெய் வேற இருக்கு, குலோங்னு மேக்கு பக்கத்துப் பள்ளம், 2021-ல அங்க ஷேல்லயே 120 கோடி டன்னுக்கு மேல இருக்கும்னு அறிவிச்சாங்க, அதுல எவ்வளவு உண்மையா வெளிய வரும்ங்கறது வேற விஷயம்.

அந்த ஏரிய முழுசா படிக்கணும்னே அறிவியல் கிணறு தோண்டினாங்க, உங்க நிருபருக்கு இது நல்ல செய்தி. சோங்கே-2-ன்னு பேரு, 2018-ல 7,018 மீட்டர் ஆழத்துல முடிச்சாங்க. எண்ணெய் எடுக்க இல்ல, முக்கியமா கிரெட்டேஷியஸ் காலத்து வானிலையப் படிக்க. ஏரிச் சேறு வருஷக்கணக்கா சத்தமில்லாம படியறதால மழை, வறட்சி, வெப்பம் எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். நடுவுல எப்பவாச்சும் கடல் தண்ணி ஏரிக்குள்ள புகுந்துச்சாங்கற சண்டை கூட இந்தச் சேத்த வச்சுத்தான் இன்னமும் நடக்குது.

சீனா வரைக்கும் போக வேணாம், நம்ம நாட்டுலயே ராஜஸ்தான் பார்மர் இருக்கு. 2004 ஜனவரில மங்களா வயல் கண்டுபிடிச்சப்ப பேப்பர் எல்லாம் "பாலைவனத்தில் எண்ணெய்"னு எழுதுச்சு, இன்னைக்கு மேல இருக்கறதுதான் பாலைவனம். அடில சுமார் 200 கிமீ நீளத்துக்கு பூமி கிழிஞ்ச பள்ளம், அதுல முதல்ல ஆறுங்க ஓடி ஃபதேகர் மணலைப் படிய வச்சுச்சு, அப்புறம் ஏரி நெறைஞ்சு பார்மர் ஹில்ங்கற சேறு அது மேல படிஞ்சுச்சு. ஏரிச் சேத்துல உண்டான எண்ணெய் சாஞ்சு கெடந்த பாறைங்க வழியா ஏறி, பழைய ஆத்து மணல்ல போய் தங்கிடுச்சு. தாச்சிங், பார்மர் ரெண்டு எடத்து எண்ணெய்லயும் மெழுகு அதிகம், ஏரிப் பாசிலேர்ந்து வந்த எண்ணெய்ல இது சாதாரணம். மங்களா எண்ணெய் நம்ம வெயில்லயே உறைஞ்சுடும், அதனால 2009-ல உற்பத்தி தொடங்கினதுக்கு அப்புறம் குஜராத் வரைக்கும் 600 கிமீக்கு மேல குழாய வழி பூரா சூடு பண்ணிக்கிட்டே அனுப்பறாங்க. ஒரு பாசி எந்தத் தண்ணில வளந்துச்சுங்கறது, இத்தன கோடி வருஷம் கழிச்சு குழாய் போடுற இன்ஜினியர் செலவுக்கணக்குல வந்து நிக்குது.

நம்ம நரிமணம், கோவில்களப்பால் பக்கத்து எண்ணெய்க் கிணறுங்களோட கதை வேற, காவேரி பேசின்ல கடலோட பங்கு ரொம்ப பெருசு, அத இங்க குழப்பிக்க வேணாம். ஆனா ஹைட்ரோகார்பன் திட்டம் வேணும் வேணாம்னு இவ்வளவு பேசுற நம்ம மாவட்டங்கள்ல, கீழ எண்ணெய் எப்படி இருக்குன்னு கேட்டா ஆதரிக்கறவரும் எதுக்கறவரும் ஒரே மாதிரி குகைப் படத்தத்தான் மனசுல வச்சிருக்காங்க. எண்ணெய்ய உறிஞ்சிட்டா குகை காலியாகி ஊரே உள்ள விழுந்துடுமான்னு டீக்கடைல என்கிட்டயே கேட்டிருக்காங்க. குகை இல்ல, அதனால அப்படி திடீர்னு விழாது. அழுத்தம் குறைஞ்சா மணல் அடுக்கு கொஞ்சம் நெருங்கி தரை மெதுவா தாழறது சில எடத்துல நடக்கற விஷயம், அத அளந்து பாத்து கேள்வி கேக்கணும். படமே தப்பா இருந்தா கேள்வியும் தப்பாத்தான் வரும், அதனாலதான் பேப்பர்ல வர்ற படம் சரியா இருக்கணும்னு இவ்வளவு சொல்றேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்புல சின்னதா ஒரு திருத்தம் போட்டு, கூட ஒரு படமும் போடுங்க. ஏரிய வடக்கு தெக்கா அறுத்த மாதிரி ஒரு குறுக்குவெட்டு. எடது ஓரத்துல ஆறு உள்ள வரணும். மணல் அடுக்குங்கள மஞ்சள்ல, வலது பக்கம் போகப் போக மெலிஞ்சு விரல் விரலா சேத்துக்குள்ள முடியற மாதிரி. சேறு கருஞ்சாம்பல், கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு கனமான பட்டை. எண்ணெய்ய தனியா கருப்பா ஊத்தி வரைய வேணாம், மஞ்சள் மணலுக்குள்ள புள்ளி புள்ளியா வச்சா போதும், பக்கத்துலயே ஒரு வட்டம் போட்டு பெருசாக்கின மணல் மணிங்களும் நடுவுல எண்ணெய்யும். உங்க ஓவியர் வரைஞ்சு அனுப்பினா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் பாத்து சரி சொல்றேன், காசு எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
காரைக்கால்.